முதல் நாள் மயங்கி விழுந்தால் டாக்டர் ஆக முடியாதா? டிசெக்‌ஷன் ஹாலில் நிஜமாக நடப்பது என்ன?

நீட் கலந்தாய்வு முடிந்து, வெள்ளை கோட் வாங்கி, ஹாஸ்டலில் பெட்டியை வைத்த சில நாட்களிலேயே எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்கள் ஒரு கதவைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே ஸ்டீல் மேஜைகள், கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின் நெடி, ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மனித உடல். அதுதான் டிசெக்‌ஷன் ஹால்.

அந்த முதல் நாளைப் பற்றி நம்ம ஊரில் ஒரு முடிவு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தைரியமாக நின்றவன் டாக்டர் ஆவான், மயங்கி விழுந்தவனுக்கு ‘இது செட் ஆகாது’. சீனியர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் அக்கறையாகச் சொல்வார்கள். மாணவரே ராத்திரி படுக்கையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இந்த முடிவு தப்பு. முதல் நாள் வரும் பயம், அழுகை, குமட்டல், சிரிப்பு, ஒன்றுமே தோன்றாத வெறுமை எல்லாமே அந்த மாணவரின் உடல், வளர்ப்பு, சுபாவம் மூன்றும் சேர்ந்து கொடுக்கும் பதில். அதை வைத்து அவர் எப்படிப்பட்ட டாக்டர் ஆவார் என்று கணிக்க முடியாது. நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: இந்த உணர்வுகளைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்று அந்த ஹாலில் நிலவும், எங்கும் எழுதப்படாத ஒரு விதி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், டிசெக்‌ஷன் என்றால் என்ன?

பலர் இதைப் பிரேதப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பிரேதப் பரிசோதனை, அதாவது போஸ்ட்மார்ட்டம், இறப்புக்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்வது. சில மணி நேரத்தில் முடிந்து உடல் குடும்பத்திடம் போய்விடும். டிசெக்‌ஷன் என்பது பாடம். பதப்படுத்தப்பட்ட உடலில் தோல், தசை, நரம்பு, ரத்தக்குழாய், உறுப்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று பாடங்கள். அதில் உடற்கூறியலின் மையமே இந்த ஹால்தான். ஒரே உடலோடு மாணவர்கள் மாதக்கணக்கில் இருப்பார்கள்.

இந்த உடலுக்கு மாணவர்கள் மத்தியில் ‘கடாவர்’ என்று பெயர். இந்தியாவில் நவீன மருத்துவக் கல்லூரியில் மனித உடலை வைத்துப் பாடம் படித்த வரலாறு 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தாவோடு தொடங்குகிறது. இறந்த உடலைத் தொடுவதே பெரும் தீட்டாகக் கருதப்பட்ட சமூகத்தில், ஒரு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர் கத்தியை எடுத்தார். அன்று அது பெரிய சமூகச் செய்தி. இன்று நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். ஆனாலும் அந்தக் கதவைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவைதான்.

மயக்கம் ஏன் வருகிறது?

மயங்குவதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறோம். மருத்துவம் அதற்கு ‘வேசோவேகல்’ மயக்கம் என்று பெயர் வைத்திருக்கிறது. அதிர்ச்சியோ, பயமோ, அருவருப்போ தாக்கும்போது சிலருக்கு வேகஸ் நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்யும். இதயத்துடிப்பு குறையும், கால்களில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைய, ஆள் சாய்ந்துவிடுவார். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார்.

இதற்கும் தைரியத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஊசியைப் பார்த்தால் மயங்கும் பயில்வான்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதோடு சூழலையும் பாருங்கள். புது ஹாஸ்டல், தூக்கம் சரியில்லை, பதற்றத்தில் காலைச் சாப்பாடு இறங்கவில்லை, புழுக்கமான ஹாலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மயங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலைமை வேறு என்ன வேண்டும்?

கண்ணீரும் அப்படித்தான். ஹாலில் வரும் கண்ணீர் எல்லாமே துக்கம் இல்லை. உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயு கண், மூக்கு, தொண்டையை எரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்ல காற்றோட்டம் மாணவர்களின் உடலுக்கு மட்டுமல்ல, முதல் நாள் மனசுக்கும் உதவும். மூச்சு முட்டினால் பயமும் இரண்டு மடங்காகும்.

வீட்டில் ஒரு சட்டம், ஹாலில் ஒரு சட்டம்

இந்த விஷயத்தை வெளிநாட்டு ஆய்வுகளை மட்டும் வைத்து நம்மால் புரிந்துகொள்ள முடியாது. நம்ம வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பல குடும்பங்களில் பெண்கள் சுடுகாட்டு வாசல்வரைகூடப் போவதில்லை; தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். குழந்தைகளை ‘பயந்துக்கும்’ என்று உள்ளே அனுப்பிவிடுவோம். பிணத்தைத் தொடுகிற, குழி வெட்டுகிற, எரிக்கிற வேலையை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் தள்ளி நின்ற வரலாறும் நமக்கு இருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து வரும் 18 வயதுப் பெண், ஒரு திங்கட்கிழமை காலை ஒரு ஆணின் இறந்த உடலை, ஆடையில்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிறாள். தொடச் சொல்கிறார்கள். அறுக்கச் சொல்கிறார்கள். மதியம் மெஸ்ஸில் அதே கையால் சாதம் பிசைந்து சாப்பிட வேண்டும். ‘எத்தனை தடவை சோப்பு போட்டாலும் கை சுத்தமாகவில்லை’ என்று தோன்றினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவள் 18 வருஷம் கற்ற ஒரு சட்டத்தை ஒரே காலையில் மீறியிருக்கிறாள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாத்தாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்து, இறந்த பிறகு குளிப்பாட்டிக் கோடி போர்த்தி அனுப்பிய கிராமத்துப் பையனுக்கு உடல் புதிது இல்லை. ஆனால் அழுகை இல்லாத, ஒப்பாரி இல்லாத, பெயர்கூட இல்லாத உடல் அவனுக்குப் புதிது. வீட்டில் இறந்தவருக்கு மாலை போட்டான். இங்கே ஸ்கால்பெல் கொடுக்கிறார்கள். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழக மருத்துவக் கல்லூரிகளுக்குள் வரும் வாழ்க்கைகள் இன்னும் பலவிதமாகியிருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி முதல் நாள் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

அண்மையில் வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். மேஜையில் இருக்கும் முகம் அப்பாவின் முகமாகத் தெரியும் வாய்ப்பு உண்டு. கையைப் பார்க்கும்போதும் முகத்தைப் பார்க்கும்போதும்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சுப் பகுதியில் தசையைப் பார்க்கும்போது அது பாடம். நகத்தில் மிச்சமிருக்கும் பாலிஷைப் பார்க்கும்போது அது ஒரு ஆள்.

சுபாவம் எங்கே வருகிறது?

ஒரே மேஜை, ஒரே உடல், ஒரே நெடி. ஆனாலும் ஒருத்தர் ஆர்வமாகக் குனிகிறார், ஒருத்தர் இரண்டடி பின்னால் போகிறார், இன்னொருத்தர் ஜோக் அடிக்கிறார். இந்த வித்தியாசத்தை விளக்க உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ‘பிக் ஃபைவ்’ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். மனித சுபாவத்தை ஐந்து கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது அது.

புதியவற்றின் மீது ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை ஆகியவை அந்த ஐந்து. இணையத்தில் ‘நீங்க எந்த டைப்?’ என்று வரும் நாலெழுத்து டெஸ்ட் மாதிரி ஆட்களைப் பெட்டிக்குள் போடுவது இதன் நோக்கமல்ல. எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் மாறும்.

டிசெக்‌ஷன் விஷயத்தில் அதிகம் பேசப்படுவது ஐந்தாவது. ஆங்கிலத்தில் அதை ‘நியூராட்டிசிசம்’ என்பார்கள். பெயரைக் கேட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். கவலை, பயம், குற்றவுணர்வு போன்றவை சிலருக்குச் சீக்கிரம் வரும், அழுத்தமாக வரும். அவ்வளவுதான். இந்தத் தன்மை அதிகம் உள்ள மாணவர்கள் ஹாலுக்குள் போகும் முன்பே அதிகம் பதறுவார்கள். புதியவற்றில் ஆர்வம் அதிகம் உள்ளவர்களுக்கு அதே கதவு ஒரு வாசலாகத் தெரியும். கலகலப்பானவர்கள் பேசித் தீர்ப்பார்கள். ஒதுங்கி இருப்பவர்கள் எதையும் காட்டமாட்டார்கள். அமைதியைப் பார்த்து ‘இவன் ஸ்டெடி’ என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுக்கப்படுபவை. ‘பெண்களுக்குப் பதற்றம் அதிகம்’ என்று ஒரு முடிவு வந்தால், பெண்கள் அதிகம் பயப்படுகிறார்களா, பயத்தை ஒப்புக்கொள்ள ஆண்களுக்கு அனுமதி இல்லையா என்று கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஆம்பளப் பையன் பயப்படலாமா?’ என்று கேட்டு வளர்க்கப்பட்டவர் கேள்வித்தாளில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாரா என்ன?

சரி, எளிதில் கலங்குபவர் டாக்டர் ஆகக் கூடாதா? பெல்ஜியத்தில் மருத்துவ மாணவர்களை அவர்களின் படிப்புக்காலம் முழுவதும் தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2009-ல் வெளியானது. சுபாவத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை அது பார்த்தது. வருடம் ஏற ஏற, பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் மேலே வந்தார்கள். மனிதர்களோடு பழக வேண்டிய பிற்கால ஆண்டுகளில் கலகலப்பும் கைகொடுத்தது. நிதானமாக, விடாமல், சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் குணம்தான் தூரம் கொண்டுபோகிறது. ஸ்கால்பெல் பிடித்த முதல் நாளில் அந்தக் குணம் வெளியே தெரியவே தெரியாது.

ஓடிப்போன இரண்டு டாக்டர் வீட்டுப் பிள்ளைகள்

இரண்டு பேரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதை அவ்வளவாகத் தெரியாது.

சார்லஸ் டார்வின், அப்பா டாக்டர் என்பதால் 1825-ல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். வயது 16. உடற்கூறியல் வகுப்பே அவருக்கு வெறுத்துப்போனது. மயக்க மருந்து வராத காலம் அது. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போய், அதில் ஒன்று குழந்தைக்கு, முடியும் முன்பே வெளியே ஓடிவிட்டார். படிப்பையும் விட்டார். ஆனால் வயதான பிறகு எழுதிய சுயசரிதையில் அவர் வருத்தப்பட்டது அறுவை சிகிச்சையிலிருந்து ஓடியதற்காக இல்லை. டிசெக்‌ஷன் செய்யச் சொல்லி தன்னை யாரும் வற்புறுத்தவில்லையே என்பதற்காக! செய்திருந்தால் அந்த அருவருப்பு சீக்கிரமே போயிருக்கும், பிற்கால ஆய்வுகளுக்கும் அந்தப் பயிற்சி பெரிதும் உதவியிருக்கும் என்று நினைத்தார்.

இன்னொருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ். அவர் அப்பாவும் டாக்டர். 1821-ல் பாரிஸுக்கு மருத்துவம் படிக்கப் போனவர், முதல் தடவை டிசெக்‌ஷன் அறையைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் குதித்து வீட்டுக்கு ஓடியதாகத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நண்பர் சமாதானப்படுத்தி மறுபடி கூட்டிப்போனார். இந்தத் தடவை அவருக்குப் பயமே இல்லை. அறைக்குள் வந்த குருவிகளுக்கு உடலின் துண்டுகளை இரையாகப் போடும் அளவுக்கு மனசு மாறியிருந்தது.

டார்வின் கதை, அருவருப்பு நிரந்தரமில்லை என்று சொல்கிறது. பெர்லியோஸ் கதை அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. ஜன்னலில் குதிப்பதற்கும் குருவிக்கு இரை போடுவதற்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ஜன்னலில் குதித்தவரைப் பார்த்து நாம் கவலைப்படுகிறோம். குருவிக்கு இரை போட்டவரைப் பார்த்து ‘பழகிட்டான்’ என்று நிம்மதி அடைகிறோம். இரண்டாவதைப் பார்த்தும் கொஞ்சம் கவலைப்பட வேண்டாமா?

பழகுவதும் மரத்துப்போவதும் ஒன்றா?

என் வேலையில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. டிஜிட்டல் டெஸ்கில் விபத்துப் படங்களும் வீடியோக்களும் எங்களுக்கு மறைக்கப்படாமல்தான் வரும். நாங்கள் பார்த்து, மங்கலாக்கித்தான் உங்களுக்குத் தருகிறோம். சேர்ந்த புதிதில் சாப்பாடு இறங்காது. சில மாதங்களில் ஒரு கையில் வடையும் மறு கையில் மவுஸுமாக வேலை ஓடும். வேலை நடக்க அது தேவை. ஆனால் ‘எத்தனை பேர் காலி?’ என்று வாய்தவறி யாராவது கேட்கும்போதுதான், பழகியதற்கு மேல் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று உறைக்கும்.

மருத்துவத்தில் இந்தக் கேள்வி பழையது. கனடாவில் பிறந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1889-ல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், எந்த நிலையிலும் கலங்காமல் இருப்பதை டாக்டரின் முதன்மையான குணங்களில் ஒன்றாக வைத்தார். 1963-ல் லீஃப், ஃபாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே வேறுவிதமாகச் சொன்னார்கள்: அக்கறையும் இருக்க வேண்டும், விலகலும் இருக்க வேண்டும். மருத்துவ மாணவர் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகும் முதல் இடங்களில் ஒன்று டிசெக்‌ஷன் ஹால்.

பிரச்சினை என்னவென்றால், விலகலுக்கு அங்கே பயிற்சி தானாகக் கிடைத்துவிடும். தினமும் போனால் போதும். அக்கறைக்கு யார் பயிற்சி கொடுப்பது?

அதற்குப் பதிலாக ஹாலில் ஓடுவது கதைகள். பிரெடரிக் ஹாஃபர்ட்டி என்ற அமெரிக்க சமூகவியலாளர், மருத்துவ மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘கடாவர் கதை’களை ஆராய்ந்து, 1991-ல் ஒரு புத்தகமே எழுதினார். உடல் பாகத்தை வைத்து யாரையோ பயமுறுத்தியதாகச் சொல்லப்படும் கதைகள் அவை. நம்ம ஊர் ஹாஸ்டலிலும் இதே ரகக் கதைகள் உண்டு. இந்தக் கதைகளில் அலறுகிறவர்தான் ஏமாளி. கேட்கும் ஜூனியருக்குப் பாடம் தெளிவாகப் போய்ச் சேரும்: உணர்ச்சியைக் காட்டினால் நீ வெளியாள்.

ஜோக் அடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பயத்தைச் சமாளிக்கச் சிரிப்பு ஒரு பழைய மருந்து. சாவு வீட்டுத் திண்ணையில்கூட சீட்டுக்கட்டும் சிரிப்பும் இருக்கும். ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து என்பது முக்கியம். தன் பயத்தைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. மேஜையில் இருப்பவரின் உடல்வாகைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பக்கத்தில் மயங்கி விழுந்த தோழியைப் பார்த்துச் சிரிப்பது அதைவிட வேறு.

‘டிசெக்‌ஷன்தான் டாக்டர்களைக் கல்லாக்குகிறது’ என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் முழுசாக ஏற்க முடியாது. அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் பரிவுணர்வை வருடாவருடம் அளந்த ஆய்வு 2009-ல் வெளியானது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை. உயிருள்ள நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவு சரிந்தது. அப்படியென்றால் டிசெக்‌ஷன் ஹாலை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். வார்டில் வரப்போகும் சோதனைக்கு முன்கூட்டியே தயாராகக் கிடைக்கும் இடம் அது. அந்த வாய்ப்பை வீணாக்குவதுதான் குற்றம்.

எல்லோருக்கும் சரியாகிவிடுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆகிவிடும். சில நாட்களில், அதிகபட்சம் சில வாரங்களில் பதற்றம் இறங்கிவிடுகிறது என்பதுதான் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆர்வமும் நன்றியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் எல்லோருக்கும் இல்லை. 1990-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, சுமார் 5 சதவீத மாணவர்களுக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, கண்ணை மூடினாலே வரும் காட்சிகள், மனச்சோர்வு, படிப்பில் தடுமாற்றம் போன்றவை இருந்ததாகச் சொன்னது. நம்ம ஊர் எண்ணிக்கை இதே அளவு இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்குக்கு, 150 பேர் படிக்கும் வகுப்பில் அது ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேரும், தான் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு ஏழெட்டு அறைகளில் தனித்தனியாகப் படுத்திருப்பார்கள்.

‘நாங்களும் இப்படித்தான் வந்தோம், எங்களுக்கு யார் கவுன்சலிங் கொடுத்தாங்க?’ என்று மூத்த டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் தாங்கினார்கள். ஆனால் தாங்க முடியாமல் படிப்பை விட்டுப் போனவர்கள் இன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் இல்லை. அதோடு, ஐ.சி.யு. வாசலில் ‘பேஷன்ட் எக்ஸ்பயர்டு’ என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு நகரும் டாக்டரை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவர் கெட்டவர் இல்லை. மரணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும், எப்போதும் சொல்லித்தரவில்லை.

மேஜையில் இருப்பவர் யார்?

மாணவர்களின் மனநிலையைத் தீர்மானிக்கும் இன்னொரு விஷயம், அந்த உடல் எங்கிருந்து வந்தது என்பது. இதில் உலக வரலாறே அசிங்கமானது. 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் உடற்கூறியல் வகுப்புக்கு விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றார்கள். அதன் பிறகு 1832-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப வழி செய்தது. இந்தியாவிலும் உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன.

பேருந்து நிலையத்தில் கேட்பாரற்று இறந்த ஒருவர், உயிரோடு இருந்தபோது சம்மதம் சொன்னவர் இல்லை. ‘இவர் யாரோ ஒருத்தரின் அப்பாவாக இருப்பாரோ?’ என்ற கேள்வி மாணவருக்கு வந்தால் அது பலவீனம் இல்லை, சரியான கேள்வி. தானே விரும்பி எழுதிக் கொடுத்தவரின் உடல் என்றால் மனசு வேறுமாதிரி நிற்கும். 2024 செப்டம்பரில் இறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குத்தான் போனது. உடல் தானம் அதிகரித்தால் பாடம் மட்டுமல்ல, மாணவர்களின் மனச்சுமையும் மாறும்.

தைவானின் ட்ஸு சி பல்கலைக்கழகம் இதில் இன்னும் தூரம் போயிருக்கிறது. அங்கே உடல் கொடுத்தவருக்கு ‘மௌன ஆசான்’ என்று பெயர். மாணவர்கள் முன்கூட்டியே அவர் குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பாடம் முடிந்ததும் உடலைத் தைத்து, உடை உடுத்தி, குடும்பத்தோடு சேர்ந்து இறுதி மரியாதை செய்கிறார்கள். தாய்லாந்தில் ‘ஆஜான் யாய்’ என்கிறார்கள். பெரிய ஆசிரியர் என்று அர்த்தம். நம்ம ‘ஆச்சாரியர்’தான் அங்கே ‘ஆஜான்’ ஆகியிருக்கிறார்.

நம்ம கல்லூரிகளில் என்ன செய்யலாம்?

இதற்காகப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. 2019 முதல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மனப்பான்மை, அறநெறி, தகவல் பரிமாற்றம் பற்றிய ‘ஏட்காம்’ என்ற பகுதி இருக்கிறது. அதில் முதலாண்டுக்கான ஒரு பாடத்தின் தலைப்பே, உடல்தான் நமது முதல் ஆசிரியர் என்பதுதான். பல கல்லூரிகளில் மாணவர்கள் முதல் நாளில் உடலின் முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் உறுதிமொழியை வரிசையில் நின்று ஒப்பித்து, போட்டோ எடுத்து, அடுத்த நிமிடமே கத்தியை எடுத்தால் அது காலை பிரேயர் மாதிரி ஆகிவிடும்.

என் கருத்தில் நான்கு விஷயங்கள் போதும். முதல் நாள் கத்தி வேண்டாம். அன்று முகம் மூடிய உடலைப் பார்க்க மட்டும் நேரம் கொடுங்கள், விரும்பியவர் தொடட்டும். இரண்டாவது, ஆசிரியரே தன் முதல் நாளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். ‘நானும் அன்னைக்கு வாந்தி எடுத்தேன்’ என்று ஒரு பேராசிரியர் சொன்னால், அந்த வகுப்பில் அதன் பிறகு யாரும் ஒளிந்து அழ மாட்டார்கள். மூன்றாவது, அண்மையில் வீட்டில் மரணம் நடந்தவர்கள் கேள்வி கேட்கப்படாமல் சில நாள் தள்ளி வரலாம் என்று அனுமதியுங்கள். நான்காவது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எல்லோரையும் விசாரியுங்கள். முதல் நாள் மயங்கியவர் அதற்குள் தேறியிருப்பார். முதல் நாள் ஒன்றுமே காட்டாதவர்தான் ஒருவேளை அப்போது தூக்கமில்லாமல் இருப்பார்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, திரையில் முப்பரிமாண உடலைக் காட்டிப் பாடம் நடத்திவிடலாமே என்று கேட்கலாம். பிரிட்டனில் 2002-ல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவக் கல்லூரி உடல் இல்லாமலேயே உடற்கூறியல் நடத்தியது. திரை நல்ல துணைதான். நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று அது அழகாகக் காட்டும். ஆனால் தன் உடலைக் கொடுத்த ஒரு மனிதருக்கு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை எந்தத் திரையும் கேட்காது.

இந்த வருடம் உங்கள் வீட்டிலிருந்து யாராவது மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால், முதல் வாரத்தில் போன் செய்யும்போது ‘பயந்தியா?’ என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ‘இன்னைக்கு ஹால் எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். வாசலில் குளித்துவிட்டு உள்ளே வந்தால்தான் நிம்மதி என்று பிள்ளை நினைத்தால் குளிக்கட்டும், கிண்டல் வேண்டாம். இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, புத்தகத்தைத் திறக்கவே பயம் என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மனஸ் இலவச உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம். அங்கே போன் செய்த மாணவர் டாக்டர் ஆகத் தகுதியற்றவர் என்று யாராவது சொன்னால், அவருக்கு டார்வினின் வருத்தத்தைச் சொல்லுங்கள்.